மனக்காயத்துக்குக் கெடு விதிக்கலாமா?

மனச்சிதைவு நோய்க்கு ஆளானவர் என்று கூறி ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு படைவீரருக்கு இயலாமை ஓய்வூதியம் வழங்க வேண்டும் என்று 2025-ஆம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் சீருடையைக் கழற்றிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டிருந்தது. நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவ வாரியம் எழுதியிருந்ததே மறுப்புக்குக் காரணம். ஏன் தொடர்பில்லை என்பதை வாரியம் சொல்லவில்லை. காரணம் கூறாத ஒரு கருத்தைக் கொண்டு ஒருவரின் உரிமையை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம்.

இது புதிய சட்டமும் அன்று. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் இதே நீதிமன்றம் விரிவாகச் சொன்னதுதான். பணியில் சேரும்போது ஒருவர் உடலாலும் மனத்தாலும் நலமாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும். அப்போதைய மருத்துவப் பதிவில் நோய் குறிக்கப்படாதிருந்தால், பின்னர் வந்த நோய் பணியால் விளைந்ததாகக் கருத வேண்டும். இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது. ஐயம் எழுந்தால் அதன் பயன் வீரருக்கே. இவை நீதிமன்றம் கருணையால் கண்டுபிடித்தவை அல்ல. 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தவை. எழுதிய விதியை எழுதியபடி நடைமுறைப்படுத்துங்கள் என்று சொல்வதற்கு ஒரு நாட்டின் உச்சநீதிமன்றம் மீண்டும் மீண்டும் தேவைப்படுகிறது.

நீதிமன்றங்களுக்கு வரும் மனநோய் வழக்குகளில் மனச்சிதைவு, மனச்சோர்வு என்ற பெயர்களே பெரிதும் காணப்படுகின்றன. பணிக்காலத்திலேயே வெளிப்பட்டு, கோப்பில் ஏறிய நோய்கள் அவை. நான் இங்கே பேச விரும்புவது கோப்பில் ஏறாத ஒன்றைப் பற்றி.

போர்முனையில் கண்டதும் செய்ததும் ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து மனிதனைப் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு மருத்துவ உலகம் பல பெயர்களை இட்டிருக்கிறது. முதல் உலகப் போரில் அது 'ஷெல் ஷாக்' எனப்பட்டது. அந்தப் போரில் களத்தை விட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் சுட்டுக்கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது 2006-இல்தான். வியத்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின்னரே, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இடம்பெற்றது. 1988-இல் வெளியான தேசிய ஆய்வு, போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் வியத்நாம் சென்ற ஆண்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் அந்நோயோடு வாழ்வதைக் காட்டியது. வாழ்நாளில் எப்போதாவது அதற்கு ஆளானவர்கள் 30 விழுக்காடு.

இந்நோய் காலந்தாழ்த்தியும் வெளிப்படக்கூடியது. வேலை, குழந்தைகள், கடன் என்று மனம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அடங்கிக் கிடப்பது, ஓய்வுக்குப் பின் எழுந்து நிற்பதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் நம் விதிகளின் கடிகாரம் வேறு. பணியிலிருந்து விலகிய பின் தோன்றும் நோயைப் பணியால் விளைந்ததாக ஏற்க வேண்டுமானால், அது ஏழு ஆண்டுகளுக்குள் தோன்ற வேண்டும். 2008-ஆம் ஆண்டின் விதிகள் இன்னொரு படி மேலே சென்றன. விலகிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் கோரிக்கை வைத்து, அதற்குள் அவருடைய பணி ஆவணங்கள் அழிக்கப்பட்டிருந்தால், மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழும். ஆவணத்தை வைத்திருந்ததும் அழித்ததும் அரசு. அது இல்லாத குறைக்குப் பொறுப்பேற்பவர் வீரர். தாழ்வாரத்தில் உட்கார்ந்து வழக்குத் தீர்க்கும் ஊர்ப் பெரியவர்கூட இப்படி ஒரு தீர்ப்புச் சொல்லத் தயங்குவார்.

நான் வேலூர் வட்டாரத்தில் நெடுங்காலம் பொருளாதாரம் கற்பித்தவன். வீட்டுக்கு ஒருவர் படையில் இருக்கும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் உள்ள பகுதி அது. என் வகுப்புகளில் படைவீரர்களின் பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். அவர்களில் ஒருவனின் தந்தைக்காக, நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மனு எழுதித் தந்தேன். அவர் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையில் இருந்தவர். பதினோரு ஆண்டுப் பணிக்குப் பின், வீட்டுச் சூழல் என்று காரணம் எழுதிக்கொடுத்துவிட்டு விலகிவிட்டார். ஊரில் ஒரு வங்கியில் காவலாளி வேலை கிடைத்தது. கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியாது என்பதால் நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறார், மேலாளரோடு சண்டை, அந்த வேலையும் போயிற்று. இரவில் அவர் எழுந்து நடமாடும் நேரங்களில் விழித்திருப்பது மனைவியின் வேலை. அந்த அம்மாளின் தையல் வருமானம் அதனால் நின்றது. மனுவுக்கு இரண்டு வரியில் பதில் வந்தது: பணிக்காலத்தில் நோய் எதுவும் பதிவாகவில்லை, ஆவணங்கள் குறித்த காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன.

பதினைந்து ஆண்டு நிறைவு செய்யாத வீரருக்குப் பணி ஓய்வூதியம் இல்லை. ஓய்வூதியம் பெறாதவருக்கு, 2003-இல் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டத்தில் இடமில்லை. அத்திட்டத்தில் இடமில்லாதவருக்குப் படை மனநல மருத்துவரின் சிகிச்சையும் இல்லை, சான்றும் இல்லை. சான்று இல்லாமல் இயலாமை ஓய்வூதியம் இல்லை. மாட்டைச் செக்கில் பூட்டியதுபோல் மனிதர்கள் இந்த வட்டத்தில் சுற்றுகிறார்கள்.

இன்னும் மோசமான நிலையில் இருப்பவர்கள் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகி வெளியேற்றப்பட்டவர்கள். குடி, மேலதிகாரியை எதிர்த்தல், விடுப்பு முடிந்தும் திரும்பாமை ஆகியவை ஒழுக்கக்கேடாகவும் இருக்கலாம். நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அமெரிக்கா இதை 2014-இல் ஒப்புக்கொண்டது. அவப்பெயரோடு விடுவிக்கப்பட்ட வியத்நாம் வீரர்கள் தங்கள் விடுவிப்புச் சான்றைத் திருத்தக் கோரினால், பி.டி.எஸ்.டி. இருந்திருக்கக்கூடுமா என்பதைத் தாராளமாகப் பரிசீலிக்கும்படி அந்நாட்டின் அப்போதைய பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் உத்தரவிட்டார். அவரே வியத்நாமில் போரிட்டவர். சான்றுச் சிக்கலுக்கும் 2010-இல் அங்கே ஒரு வழி கண்டார்கள். எதிரித் தாக்குதல் குறித்த அச்சத்தோடு தொடர்புடைய நிகழ்வென்றால், அதற்குத் தனி ஆவணம் கேட்பதில்லை. வீரர் சொல்வது அவர் பணியாற்றிய இடத்துக்கும் சூழலுக்கும் பொருந்த வேண்டும். துறை சார்ந்த மனநல மருத்துவர் அதை உறுதி செய்ய வேண்டும். அவ்வளவே. ஒரு படைப்பிரிவு எந்த மாதத்தில் எங்கே இருந்தது என்ற தகவல் நம் ராணுவத்திடமும் இருக்கிறது. தனிமனிதரின் மருத்துவக் கோப்பு அழிந்தாலும், படைப்பிரிவின் வரலாறு அழிவதில்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதைப் புறந்தள்ள முடியாது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கப்பட்ட 6.81 லட்சம் கோடி ரூபாயில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. இயலாமைக் கூற்றைத் தகுதியற்றோரும் பெறுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் நெடுநாளாக உள்ளது. ஓய்வு பெறும் அதிகாரிகளில் இயலாமைப் பயன் பெறுவோரின் விகிதம், சாதாரண வீரர்களுக்கிடையே உள்ள விகிதத்தைவிட வெகு அதிகம் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையரே 2023-இல் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு பாதுகாப்பு அமைச்சகம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. குறைபாட்டுடன் பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுவோருக்கான தொகையின் பெயரும் 'குறைபாட்டு நிவாரணம்' என்று மாறியது. உரிமைக்கு நிவாரணம் என்று பெயர் சூட்டியதை நான் ரசிக்கவில்லை.

தணிக்கையரின் கண்டுபிடிப்பை நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். நலத்திட்டங்களில் இருவகைப் பிழைகள் நேரும் என்று பொருளாதார மாணவர்களுக்குச் சொல்லித்தருவோம். தகுதியற்றவருக்குக் கொடுத்துவிடுவது ஒன்று. தகுதியுள்ளவரை விட்டுவிடுவது மற்றொன்று. முதல் பிழை கணக்கேட்டில் பதிவாகும். தணிக்கையர் கேள்வி கேட்பார். கையெழுத்திட்ட அலுவலர் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது பிழைக்குக் கணக்கேடே கிடையாது. மறுக்கப்பட்டவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். எந்தத் தணிக்கை அறிக்கையிலும் அவருக்குப் பத்தி ஒதுக்கப்படுவதில்லை. ஆகவே மறுப்பதுதான் அலுவலருக்குப் பாதுகாப்பான முடிவு. தனிமனிதரின் கொடுமனம் இதற்குத் தேவையில்லை. அதிகாரிகளின் விகிதம் கூடுதலாக இருப்பது அவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்பதற்குச் சான்றாகாது. விதியைப் படித்து, படிவத்தை நிரப்பி, மேல்முறையீடு செய்யத் தெரிந்தவர்களுக்குக் கதவு திறக்கிறது என்பதற்குச் சான்றாகலாம். நோய் நாயக்குக்கும் கர்னலுக்கும் ஒன்றுபோல்தான் வரும். கோப்பு அப்படி நகர்வதில்லை.

தொகையையும் பார்ப்போம். முழு இயலாமைக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. இயலாமை குறைந்தால் அந்த அளவுக்குக் குறையும். 40,000 ரூபாய் கடைசி ஊதியம் பெற்றவருக்கு 50 விழுக்காடு இயலாமை என்றால் மாதம் 6,000 ரூபாய். இதைத் தராமலிருக்க ஆயுதப்படைத் தீர்ப்பாயம், உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என மூன்று படிகளிலும் அரசு வழக்கறிஞர்களை நிறுத்துகிறோம். தேவையற்ற மேல்முறையீடுகளைக் குறைக்க வழிகேட்டு, 2015-இல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தார். இயலாமை ஓய்வூதிய வழக்குகளைப் பற்றி அக்குழு கடுமையாகவே எழுதியது. பிறகும் வழக்குகள் ஓய்ந்தபாடில்லை. மிச்சப்படுத்தியதாக அரசு நினைக்கும் செலவு மறைந்துபோவதில்லை; மாணவனின் தாய் இழந்த தையல் வருமானத்துக்கு அது மாற்றி எழுதப்படுகிறது.

அமைதிப்படையைப் பற்றித் தமிழில் எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை அங்கிருந்த அப்படையில் சுமார் 1,200 பேர் உயிரிழந்தனர். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படையின் முப்பது பேரில் உயிர்தப்பியவர் ஒரே ஒருவர். அதே மாதம் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் அப்படையினரால் கொல்லப்பட்டதும் வரலாறு. கடைசி அணி 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. அதற்கான காரணம் தமிழர்களுக்குப் புரியாததன்று. அமைதி காக்கச் சென்று போரில் இறங்கி, வெற்றியுமின்றி வரவேற்புமின்றித் திரும்பியவர்கள் தங்கள் அனுபவத்தை யாரிடம் பேசியிருக்க முடியும்? தமிழ்நாட்டு வீரருக்கு அது இரட்டைப் பூட்டு. அவருடைய தெருவில் அனுதாபம் கடலின் அந்தப் பக்கம் இருந்தது.

யாழ்ப்பாண மக்களின் மனக்காயங்களை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகள் அங்கேயே இருந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த மக்களுக்கு உரிய நீதியும் சிகிச்சையும் தனியே நிற்கும் கடன். அதில் ஒரு ரூபாயும் இந்த வீரர்களின் பெயரால் கழிக்கப்படலாகாது. ஒருவரின் நோயை ஏற்பது அவருடைய படையின் செயலை ஏற்பதாகாது. தான் செய்ததை எண்ணி உறங்க முடியாதவரும் நோயாளிதான். அனுப்பியவர்கள் நாம், முடிவெடுத்தவர்கள் அவர்கள் அல்லர்.

ஆஸ்திரேலியா இப்பிரச்னையைத் தள்ளிப்போட்டதன் விலையை எண்ணிப் பார்த்தது. படைவீரர் தற்கொலைகளை ஆராய்ந்த அந்நாட்டின் அரச ஆணையம் 2024 செப்டம்பரில் 122 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை அளித்தது. 1997 முதல் 2021 வரை பணியிலிருந்தோரும் விலகியோருமாகக் குறைந்தது 1,677 பேர் தற்கொலை செய்துகொண்டதை அது கண்டறிந்தது. களத்தில் இறந்தோரைவிட இது இருபது மடங்குக்கும் மேல். இழப்பீட்டுக் கோரிக்கைகள் பல்லாயிரக்கணக்கில் முடிவின்றித் தேங்கிக் கிடந்ததையும் அதன் இடைக்கால அறிக்கை கடிந்தது. நாமும் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கலாம். இலங்கை, கார்கில், சியாச்சின், காஷ்மீர், வடகிழக்கு ஆகிய களங்களில் பணியாற்றியோர் பட்டியல் அரசிடம் உள்ளது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உள்ளது. 14416 என்ற 'டெலி மனஸ்' உதவி எண்ணில் படையினருக்கென்றே புணே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது நல்ல தொடக்கம். ஓய்வூதியம் உண்டா இல்லையா என்று பாராமல், களப்பணி செய்த எவருக்கும் மனநல சிகிச்சை என்று அறிவிக்க நாடாளுமன்றம் கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. மனநோய்களுக்கு மட்டுமாவது ஏழாண்டு, பதினைந்தாண்டு எல்லைகளை எடுத்துவிடுவதும் ஓர் அரசாணையில் முடிகிற வேலை.

அவசரம் இருக்கிறது. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் முதல் அணிக்கு 2026-இன் இறுதியிலிருந்து நான்காண்டு முடிகிறது. அவர்களில் அதிகபட்சம் கால் பங்கினரே பணியில் தொடர்வர். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் தகுதி இல்லை. பங்களிப்புச் சுகாதாரத் திட்டமும் இல்லை. இயலாமைக்கான ஒருமுறைத் தொகை உண்டு. அதற்கும் பணியால் விளைந்த பாதிப்பு 50 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இருபத்தைந்து வயதுக்கு முன் களத்தைக் கண்டு திரும்பும் ஓர் இளைஞனுக்கு முப்பத்தைந்து வயதில் உறக்கம் கெட்டால், அவன் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவான் என்பதை இப்போதுள்ள விதிகள் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு பத்தியை எழுதிச் சேர்க்க அமைச்சகத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).