பூங்காவில் ஓடினாலும் அது ரயில்தான்

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வரும் நம் வயதுக்காரர்களுக்குப் பொதுவாக ஓர் அனுபவம் உண்டு. ஃபுளோரிடாவில் இருக்கும் டிஸ்னி பூங்காவுக்குக் கூட்டிப் போவார்கள். பேரப்பிள்ளைகள் தலைகீழாகச் சுற்றுகிற ராட்டினங்களைத் தேடி ஓடிவிடுவார்கள். நாம் பைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் காவல். அப்படிப் போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: உள்ளே நுழைந்ததும் முதலில் ரயிலில் ஏறுங்கள். நிலையம் வாசலிலேயே இருக்கிறது.

இதை நான் சொன்னபோது ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சிரித்தார். "பூங்காவைச் சுற்றி வருவதெல்லாம் ரயிலா சார்? அது பொம்மை" என்றார். அவருக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

அது பொம்மை இல்லை. அங்கே இருக்கும் நான்கு நீராவி எஞ்சின்களும் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பால்ட்வின் தொழிற்சாலையில் செய்தவை. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட எஞ்சின்களைச் செய்து உலகமெங்கும் அனுப்பிய பேர் பெற்ற கம்பெனி அது. இந்த நான்கில் ஒன்று 1916ல் பிறந்தது, இரண்டு 1925ல், இன்னொன்று 1928ல். நான்கும் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் மூன்றடி அகலப் பாதையில் ஓடின. அந்தப் பகுதிக்குக் கற்றாழை நார்தான் சோறு போட்டது. கயிறு திரிக்க உலகம் முழுவதும் அந்த நாரை வாங்கினார்கள். அந்தச் சீமையில் சரக்கையும் ஜனங்களையும் இழுத்துத் தேய்ந்த எஞ்சின்கள் இவை.

டீசல் வந்ததும் இவற்றுக்கு வேலை போயிற்று. அடுத்தது பழைய இரும்புக் கடைதான். 1969ல் டிஸ்னி ஆட்கள் மெரிடா நகரத்துக்குப் போய் இவற்றைப் பார்த்து வாங்கினார்கள். டாம்பா நகரில் இருந்த கப்பல் பட்டறையில் பிரித்துப் போட்டு, புது பாய்லர் வைத்து, திரும்பப் பூட்டினார்கள். 1971 அக்டோபர் 1ஆம் தேதி பூங்கா திறந்த நாள் முதல் ஓடுகின்றன. நடுவில் கட்டுமான வேலைக்காக 2018 கடைசியில் நிறுத்தி, 2022 கடைசியில் மறுபடி விட்டார்கள். பாதை ஒன்றரை மைல், மூன்று நிலையம், சுமார் இருபது நிமிடப் பயணம். அவ்வளவுதான். ஆனால் நெருப்பு நிஜம், நீராவி நிஜம்.

வால்ட் டிஸ்னிக்கு ரயில் பைத்தியம் உண்டு. சிறுவனாக ரயிலில் பேப்பரும் தின்பண்டமும் விற்றவர் அவர். பிற்காலத்தில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு குட்டி நீராவி ரயில் ஓட்டினார். அதன் எஞ்சினுக்கு மனைவி பெயரை ஒட்டி லில்லி பெல் என்று பெயர் வைத்தார். ஃபுளோரிடா எஞ்சின்களில் 1928ஆம் வருஷத்து எஞ்சினுக்கும் அதே பெயர். மிக்கி மவுஸ் பிறந்ததும் அந்த வருஷம்தான். ஃபுளோரிடா பூங்காவைப் பார்க்க வால்ட் இருக்கவில்லை. 1966லேயே போய்விட்டார். அண்ணன் ராய்தான் கட்டி முடித்தார். அவர் பெயரிலும் ஓர் எஞ்சின் இருக்கிறது.

நண்பரின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஊருக்கு ஊர் சரக்கு இழுத்த எஞ்சின், இப்போது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வட்டம் சுற்றுகிறதே என்கிறார். ஆனால் மாற்று வழி என்ன? ஏதாவது ஓர் ஆபீஸ் வாசலில் மேடை கட்டி, பெயிண்ட் அடித்து நிறுத்துவது. மழையிலும் வெயிலிலும் துரு ஏறும். உள்ளே குப்பை சேரும். அதைவிட முக்கியம், நிற்கிற எஞ்சினால் எந்த மனிதனுக்கும் தொழில் கற்றுக்கொடுக்க முடியாது. ஓடுகிற எஞ்சினுக்கு டிரைவர் வேண்டும், ஃபயர்மேன் வேண்டும், பாய்லர் குழாய் மாற்றத் தெரிந்தவர் வேண்டும். எஞ்சினைக் காப்பாற்றினால் அந்த வித்தையும் பிழைக்கும். வித்தை ஒரு தலைமுறை விட்டுப்போனால், எந்தப் புத்தகத்தைப் படித்தும் முழுசாக மீட்க முடியாது.

நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. 1855ல் இங்கிலாந்தில் செய்த ஃபேரி குயின் எஞ்சின் 1909ல் ஓய்வு பெற்றது. பல காலம் காட்சிப் பொருளாகவே நின்றது. 1997ல் டெல்லியிலிருந்து ஆல்வாருக்கு மறுபடி ஓடியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதைப் பழுது பார்த்ததில் நம் பெரம்பூர் பணிமனைக்கும் பங்கு உண்டு. ஓடியதால்தான் அந்தக் கைவேலைக்கு அவசியம் வந்தது.

இவ்வளவு பரிந்து பேசுகிற எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. இந்த எஞ்சின்களுக்கு 1880களின் வேஷம் போட்டிருக்கிறார்கள். பெரிய புகைபோக்கி, பளபளக்கும் விளக்கு, பித்தளை வளையம். பார்க்க அழகுதான். ஆனால் 1925ல் பிறந்ததை நாற்பது வருஷம் மூப்பாகக் காட்டுவது எதற்கு? பெயர்களும் டிஸ்னி குடும்பத்தார், அவர்களுடைய இயந்திரப் பட்டறைத் தலைவர் என்று போகின்றன. ஏறி இறங்குகிற எத்தனை பேருக்கு யுகடான் என்ற பெயர் தெரியும்? வெயிலில் கற்றாழை வெட்டியவனும், இதே எஞ்சினில் நெருப்புப் போட்டவனும் அந்தப் பயணக் கதையில் இல்லை. உயிரைக் காப்பாற்றிவிட்டுப் பூர்வீகத்தை மறைப்பது பாதி நன்றிதான். நிலையத்தில் ஏறுகிறவர் கண்ணில் படும்படி, இந்த எஞ்சின் எங்கே பிறந்தது, யாருக்காக உழைத்தது என்று பெரிதாக நாலு வரி எழுதி வைத்தால் பூங்காவின் மகிழ்ச்சி ஒன்றும் குறைந்துவிடாது.

அதுவரை அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். கரி எஞ்சின் இழுத்த ரயிலில் போய், கண்ணில் தூசி விழுந்து அழுத கடைசித் தலைமுறை நாம். பேரனுக்கு எஞ்சினின் சக்கரத்தையும் பிஸ்டன் தண்டையும் காட்டுங்கள். தண்ணீர் எப்படி நீராவியாகி அதைத் தள்ளுகிறது என்று சொல்லுங்கள். இது நூறு வருஷத்துக்கு முன்னால் மெக்சிகோவில் கயிற்று நார் சுமந்தது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ராட்டினத்தை அவன் அடுத்த வாரம் மறந்துவிடுவான். இது ஞாபகம் இருக்கும்.