பார்க்கத் தகுந்தவை எவை?

ஓர் ஊருக்குப் பிரயாணம் புறப்படும் மனிதன் முதன்முதலாகக் கேட்கும் கேள்வி, “அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” என்பது. நியாயமான கேள்விதான். கையில் உள்ள நாட்கள் இரண்டோ மூன்றோ. மடியில் உள்ள பணமோ எண்ணிச் செலவிட வேண்டியது. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்காமல் முடியாது. ஆனால் அந்தத் தீர்மானத்தை நமக்காக எவரோ முன்கூட்டியே செய்து, அச்சிட்டு, வர்ணப் படமும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுகிறார்களே, அவர்கள் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தார்கள்? இதைக் கேட்பவர் மிகச் சிலர். நாம் கேட்க விரும்புகிறோம்.

திருகோணமலையையே எடுத்துக்கொள்வோம். உல்லாசப் பிரயாணிகளுக்கென்று அச்சாகும் பிரசுரங்கள் இந்த ஊருக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. நிலாவெளி மணல், உப்புவெளிக் கடற்குளியல், புறாமலையின் பவளப்பாறை, திமிங்கிலம் பார்க்கும் படகு, கோட்டைக்குள் திரியும் மான்கள், மலையுச்சிக் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள். இவ்வளவுதான் திருகோணமலை. இரண்டு நாள் போதும். மூன்றாம் நாள் வேறு ஊர். உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று பெயர் பெற்ற அந்தத் துறைமுகமோ, படம் பிடிப்பதற்கு ஒரு நீலப் பின்னணி.

இந்தப் பட்டியலை அந்நியன் மட்டும் நம்புகிறான் என்று எண்ணிவிட வேண்டாம். இதே மண்ணிலிருந்து போரினால் விரட்டப்பட்டு, இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வேர்பிடித்த நம்மவரின் பிள்ளைகளும் இதே தாளைப் பிடித்துக்கொண்டுதான் பாட்டன் ஊரில் வந்து இறங்குகிறார்கள். அவர்களே கோடை விடுமுறையில் ஐரோப்பிய நகரங்களைச் சுற்றப் புறப்படும்போது, கையில் வேறொரு பட்டியல் இருக்கிறது. லிஸ்பனில் எந்த மடாலயத்தைத் தவறவிடக் கூடாது, ஆம்ஸ்டர்டாமில் எந்தக் கால்வாய் அழகு, எந்த அருங்காட்சியகத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் அந்தப் பட்டியல் கண்டிப்பாகச் சொல்கிறது.

அங்கே ‘சரித்திரம்’ பார்க்கிறார்கள். இங்கே ‘மணல்’ பார்க்கிறார்கள். விந்தை இதுதான்: இரண்டும் ஒரே சரித்திரம்.

லிஸ்பன் நகரத்து ஜெரோனிமோஸ் மடாலயம் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. ஆபிரிக்காவோடும் கீழைத்தேசங்களோடும் நடந்த வணிகத்தின் மீது விதித்த ஐந்து வீத வரி அதன் செலவுக்குப் போயிற்று. அதே வணிகத்தைக் காக்கும் பீரங்கிகளோடு, 1622-இல் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீன் த சா திருகோணமலைக்கு வந்தான். திருஞானசம்பந்தர் பாடிய தலமாகிய கோணேசர் கோயில் இடிந்தது. இடித்த கற்களைக்கொண்டு கோட்டை எழுந்தது. கோணமலையைக் கொள்ளையிட்ட பணத்தில் லிஸ்பன் மடாலயம் கட்டப்பட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. மடாலயம் நூறாண்டு மூத்தது. ஆனால் மடாலயமும் கோட்டையும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். வரவு எழுதிய பக்கம் பளிங்குபோல் துலங்குகிறது; அதைப் பார்க்கக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறோம். செலவு எழுதிய பக்கத்தில் மான்களுக்குத் தீனி போட்டுவிட்டுத் திரும்புகிறோம்.

1639-இல் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் பறித்தனர். 1782-இல் பிரெஞ்சுக் கடற்படை பிடித்தது. 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். கோட்டைக்கு ஓர் ஆங்கில இளவரசனின் பெயரைச் சூட்டினர். அந்தப் பெயரே இன்றும் வழங்குகிறது. கோட்டை வாயிலின் கல்லில் பாண்டியரின் இணைக்கயல் உருவத்தையும் தமிழ் எழுத்துக்களையும் இன்றும் காணலாம். ஆனால் வழிகாட்டி அந்தக் கல்லைக் கடந்து வேகமாக நடக்கிறான். மலையுச்சியில் டச்சுப் பெண்ணொருத்தி காதல் தோல்வியால் கடலில் பாய்ந்தாள் என்ற கதையைச் சொல்ல அவனுக்கு நேரம் வேண்டும்! அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கதைக்குத்தான் சில்லறை கிடைக்கிறது.

ஆகவே நாம் வேறோர் அளவுகோலை முன்வைக்கிறோம். ஓர் இடம் பார்க்கத் தகுந்ததா என்பதை மூன்று கேள்விகளால் அளக்கலாம். இதை யார் தம் உழைப்பால் ஆக்கினார்கள்? இதற்காக யார் அப்புறப்படுத்தப்பட்டார்கள்? இதன் அருகில் இன்று வாழ்பவருக்கு இதனால் என்ன கிடைக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை தரும் இடம், அழகில்லாவிட்டாலும் பார்க்கத் தகுந்தது. ஒன்றுக்கும் விடை கேட்கவிடாத காட்சி, எவ்வளவு அழகாயினும் வெறும் வேடிக்கை.

இந்த அளவுகோலோடு சீனன்குடாவுக்குப் போவோம். அங்கே காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. உலகப் போர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்காக எழுந்தவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்ளும். 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது இவற்றின் பொருட்டுமே. சுதந்திரம் வந்த பின்னும் 1957 வரையில் பிரித்தானியக் கடற்படை இந்தத் தளத்தைவிட்டு அகலவில்லை. 1987-இல் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலும் இந்தக் குதங்களுக்கு இடம் இருந்தது. 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தத்தின்படி 99 குதங்களில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் என்று பங்கிடப்பட்டன. அதே 2022-இல், இந்த நாட்டு மக்கள் இரண்டு போத்தல் பெற்றோலுக்காக இரவும் பகலும் வரிசையில் நின்றார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் மீனவரின் வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. பேரரசுகள் ஏன் ஒரு சிறு குடாவுக்காக அடித்துக்கொள்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் எது? ஆயினும் பட்டியலில் இதற்கு இடம் இல்லை. துருப்பிடித்த இரும்பைப் பார்க்க யார் வருவார் என்கிறார்கள். ஐரோப்பாவில் துருப்பிடித்த ஆலைகளையும் சுரங்கங்களையும் அருங்காட்சியகமாக்கிக் காசு வாங்குகிறார்கள் என்பது இவர்கள் அறியாததா?

நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போரில் மடிந்தோரின் மயானம் இருக்கிறது. வரிசை பிசகாத கற்கள், வெட்டிய புல், பெயர் பெயராகப் பொறிப்பு. ஏகாதிபத்தியம் தனக்காக இறந்தவனை இப்படிப் பேணுகிறது. அந்த மரியாதையில் நமக்குக் குறையொன்றும் இல்லை. இறந்த இளைஞன் எந்தத் தேசத்தவனாயினும் ஒரு தாயின் பிள்ளை. அதே மரியாதையை நம் பிள்ளைகளுக்கும் கேட்கிறோம். 2006 ஜனவரி 2-ஆம் திகதி மாலை, நகரக் கடற்கரையில் காந்தி சிலையின் அருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 13 விசேட அதிரடிப்படையினரையும் 2019 ஜூலையில் நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. அதே 2006-இன் ஓகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சம்பூர் மக்கள் அவ்வாண்டு தம் வீடுகளை இழந்து ஓடினார்கள். நிலத்தின் ஒரு பகுதி அவர்கள் கைக்குத் திரும்ப 2015 ஆயிற்று. மாலைக் காற்று வாங்க அந்தக் கடற்கரையில் உலாவும் பிரயாணிக்கு இவற்றில் ஒன்றேனும் சொல்லப்படுகிறதா? அவன் கால் பதிக்கும் மணலின் கதை அவனுக்கு மறைக்கப்படுகிறது. அந்த மறைப்புக்கும் சேர்த்தே அவன் பணம் கொடுக்கிறான்.

கிண்ணியாவுக்குப் போவோம். 2009-இல் பெரிய பாலம் திறக்கும்வரை, அங்கே நீரைக் கடக்கச் சனங்கள் ‘பாதை’யைத்தான் நம்பியிருந்தார்கள். பெரிய பாலத்தைப் பிரயாணி படம் பிடிக்கிறான், நல்லது. ஆனால் சற்றுத் தள்ளிக் குறிஞ்சாக்கேணியில், புதுப் பாலத்தின் வேலை முடியாதிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23-ஆம் திகதி காலை ஒரு பாதை கவிழ்ந்தது. குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள். அவர்களுள் பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். உல்லாசத்துக்குத் திமிங்கிலம் பார்க்கக் கடலில் இறங்குபவனுக்கு மிதவை அங்கி மாட்டிவிடும் நாட்டில், படிக்கப் போகும் பிள்ளைக்கு ஒரு பாலம் வேளைக்கு முடியவில்லை. இந்த ஒரு காட்சியைப் பார்த்தவன் இந்த மாவட்டத்தைப் பார்த்தவன்.

நமக்கு எதிராக மூன்று வாதங்கள் எழும் என்பது தெரியும்.

முதல் வாதம்: “விடுமுறை ஓய்வுக்குரியது. ஆண்டு முழுவதும் உழைத்தவனைச் சரித்திரப் பாரம் சுமக்கச் சொல்வது கொடுமை.” ஓய்வை நாம் இகழவில்லை. சம்பளத்தோடு விடுமுறை என்பது தொழிலாளர் போராடிப் பெற்ற உரிமை. 1936-இல்தான் சர்வதேச தொழில் ஸ்தாபனம் அதற்கென ஒரு சமவாயத்தை நிறைவேற்றியது. நிலாவெளிக் கடலில் தாராளமாகக் குளியுங்கள்; நாமும் குளிக்கிறோம். ஆனால் உமது ஓய்வுக்காகப் படுக்கை விரிக்கும் பெண்ணுக்கு ஓய்வு உண்டா, நீர் சாய்ந்து கிடக்கும் கரையில் கரைவலை இழுத்தவர் இப்போது எங்கே இழுக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்பதால் உமது ஓய்வு கெட்டுவிடாது. கெடுமாயின், அது ஓய்வன்று, மயக்கம்.

இரண்டாம் வாதம்: “துயரத்தைக் காட்டினால் பிரயாணி வரமாட்டான், ஊரின் பிழைப்புக் கெடும்.” பேர்லினுக்குப் போகிறவர்கள் இடிந்த மதிலைப் பார்க்கத்தான் போகிறார்கள். ஹிரோஷிமாவுக்கு உலகமே போகிறது. உண்மையைக் காட்டியதால் அந்த நகரங்கள் பட்டினி கிடக்கவில்லை. பிழைப்பைப் பற்றிய கவலை உண்மையானால், கரையோர விடுதிகளின் வருமானத்தில் எவ்வளவு ஊருக்குள் தங்குகிறது என்று முதலில் கணக்குக் கேட்கட்டும்.

மூன்றாம் வாதம் கனமானது. “துயரத்தையும் ஒரு காட்சிப் பொருளாக்கி, மயானத்திலும் படம் பிடித்துத் திரிவதற்கா வழி சொல்கிறீர்?” இந்த அச்சம் நமக்கும் உண்டு. அடுத்தவன் கண்ணீரை வேடிக்கை பார்ப்பவன், மணலை வேடிக்கை பார்ப்பவனிலும் கீழானவன். அதனால்தான் நமது மூன்று கேள்விகளில் ‘எவ்வளவு சோகம்?’ என்ற கேள்வி இல்லை. உழைப்பையும் உரிமையையும் பற்றிக் கேட்கிறோம். கேட்பவன் அங்கே வாழ்பவரிடம் பேச வேண்டும். அவர் பேச விரும்பாவிட்டால் மௌனமாகத் திரும்ப வேண்டும். கன்னியாவுக்குப் போகிறவன் அங்குள்ள ஏழு கிணறுகளும் இறந்தோருக்குக் கடன் கழிக்கும் இடம் என்பதை அறிந்து இறங்கட்டும். அந்த மண் எவருடையது என்ற வழக்கில் 2019 ஜூலையில் மக்கள் திரண்டதையும் அறியட்டும். புறாமலைக்குப் போகிறவன், 1963-இல் சரணாலயமாகவும் 2003-இல் தேசிய வனமாகவும் அறிவித்த பிறகும், பிரயாணிகள் காலால் மிதித்தே பவளம் சாகிறது என்பதை அறிந்து காலை ஊன்றாதிருக்கட்டும். பார்ப்பதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு.

நமது கோரிக்கை பெரிதன்று. கோட்டை வாயிலில், 1622-இல் இங்கே என்ன நடந்தது என்று மூன்று மொழிகளிலும் நேர்மையாக எழுதிய ஒரு பலகை வேண்டும். கடற்கரையிலும் மூதூரிலும் குறிஞ்சாக்கேணியிலும் இறந்தோரை நினைக்கும் உரிமைக்கு எவரும் தடை சொல்லாதிருக்க வேண்டும். இந்த ஊரின் தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்களுக்குத் தம் ஊரின் முழுக் கதையையும் கற்பித்து, அதைச் சொல்லிப் பிழைக்கும் தொழிலை அவர்களுக்கே கொடுக்க வேண்டும். குதங்களில் ஒன்றேனும் பிள்ளைகள் உள்ளே போய்ப் படிக்கும் இடமாக வேண்டும்.

இவை நடக்கும்வரை பிரயாணியும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அடுத்த முறை லிஸ்பனில் அந்த மடாலயத்தின் முன் நிற்கும் நம் பிள்ளை, அதன் தூண்களை அண்ணாந்து பார்க்கட்டும், அழகானவைதாம். பார்த்தபின், இந்த வரவுக்கு எங்கே செலவு எழுதப்பட்டது என்று தேடி, ஒருநாள் பாட்டன் ஊர்க் கோட்டை வாயிலுக்கு வந்து, அந்தக் கயல் பொறித்த கல்லைத் தொட்டுப் பார்க்கட்டும். வழியில் மான்கள் நிற்கும். அவற்றுக்கும் ஒரு வாய் தீனி கொடுக்கலாம். அதை யார் தடுத்தார்?