இன்டர்நெட்டை வடிகட்டும் 'பெட்டி': விற்ற நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லையா?

2020 ஆகஸ்ட் 9, பெலாரஸில் அதிபர் தேர்தல். அன்றே பல சமூக வலைதளங்களும் மெசேஜிங் ஆப்களும் முடங்கின. 'தேர்தலில் மோசடி' என மக்கள் தெருவில் இறங்கிய அடுத்த சில நாட்களும் இன்டர்நெட் சரியாகக் கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் சதி என்றது அரசு. ஆனால், தடைக்குப் பயன்பட்டது கனடாவில் தொடங்கப்பட்ட, அமெரிக்க முதலீட்டாளர்கள் வசமிருந்த 'சாண்ட்வைன்' நிறுவனத்தின் கருவி என்பதை புளூம்பெர்க் வெளிக்கொண்டுவந்தது.

அந்தக் கருவி என்ன செய்யும்?

பெயர், 'டீப் பாக்கெட் இன்ஸ்பெக்‌ஷன்'. நம்ம போன்ல இருந்து போற டேட்டா, சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகத்தான் போகும். சாதாரண ரவுட்டர் முகவரியை மட்டும் பார்த்து அனுப்பிவிடும். இந்தக் கருவியோ அது வீடியோவா, வாட்ஸ்அப் காலா, விபிஎன்னா என்பது வரை கண்டுபிடிக்கும். நெட்வொர்க் நெரிசலைச் சமாளிக்க டெலிகாம் நிறுவனங்களுக்கு இது தேவை. அதே பெட்டியில் 'இந்தத் தளத்தைத் தடு' என்று ஒரு விதி எழுதினால் போதும், சென்சார் ரெடி!

'வித்தாச்சு, இனி எங்க கையில இல்ல' என்று சொல்ல முடியுமா?

முடியாது. இது ஒருமுறை விற்று மறக்கும் பொருள் அல்ல. லைசென்ஸ், அப்டேட், டெக்னிகல் சப்போர்ட் எனத் தொடர்பு நீளும். கடும் விமர்சனத்துக்குப் பிறகு, 2020 செப்டம்பரில் சாண்ட்வைனே பெலாரஸ் ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

ஆனால் எகிப்து தொடர்ந்தது. அதிபர் தேர்தலில் போட்டியிடப்போவதாக அறிவித்த முன்னாள் எம்.பி. அகமது அல்தன்தாவியின் போனில் உளவு மென்பொருளைப் புகுத்த சாண்ட்வைன் கருவி பயன்பட்டதாக 2023-ல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் 'சிட்டிசன் லேப்' கூறியது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அந்த நிறுவனத்தை வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. சில மாதங்களிலேயே, ஜனநாயகமற்ற 56 நாடுகளில் இருந்து வெளியேறுவதாக சாண்ட்வைன் அறிவித்தது. அக்டோபரில் பட்டியலில் இருந்து பெயரும் நீங்கியது.

அப்போ பிரச்னை முடிஞ்சுதா?

இல்லை. பாகிஸ்தானில் முன்பு சாண்ட்வைன் இருந்த இடத்துக்கு, சீனாவின் 'கீட்ஜ் நெட்வொர்க்ஸ்' வந்துவிட்டதாக ஆம்னஸ்டி 2025 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

ஒரு நாடு அழுத்தம் கொடுத்தால் ஒரு நிறுவனம் விலகும் என்பதை சாண்ட்வைன் காட்டியது. ஆனால் வாங்கும் அரசுக்கு அடுத்த கடை திறந்தே இருக்கிறது. யாருக்கு விற்கலாம் என்பதற்குப் பல நாடுகள் சேர்ந்து விதி வகுக்காதவரை, பெட்டியின் மேலிருக்கும் பெயர் மட்டும்தான் மாறும். உள்ளே சிக்குவது அதே மக்கள்தான்.