தேவாங்கு ஏன் அப்படி முழிக்குது?

விடியக்காலை மூணு மணி வரைக்கும் அரியர் பேப்பருக்குப் படிச்சுட்டு, முதல் ஹவர்ல செவந்த கண்ணோட உட்கார்ந்திருக்கிற நம்மாளைப் பார்த்து, 'என்னடா தேவாங்கு மாதிரி முழிக்கிறே?'னு கேட்காத லெக்சரர் உண்டா? திட்டுறவர், திட்டு வாங்கறவர் ரெண்டு பேருமே பெரும்பாலும் தேவாங்கை நேர்ல பார்த்திருக்க மாட்டாங்க. அதான் காமெடி!

இத்தனைக்கும் அது நம்ம ஊர்க்காரர். திண்டுக்கல் பக்கம் அய்யலூர், கரூர் பக்கம் கடவூர்னு முள்ளுக்காட்டுக்குள்ள குடியிருக்கார். எடை, கால் கிலோவை ஒட்டித்தான். வால் கிடையாது. குரங்குக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னாலும், குரங்கு மாதிரி தாவல், குதியல் எல்லாம் சுத்தமா ஆகாது. கிளையை இறுக்கிப் பிடிச்சு, அடி மேல் அடி வெச்சு, ஸ்லோமோஷன்ல நகரும்.

பகல்ல புதருக்குள்ள பந்தா சுருண்டு தூக்கம். இருட்டினதும் டியூட்டி. எறும்பும் கறையானும்தான் மெயின் டிஷ். அந்த முட்டைக்கண்ணு கொஞ்சூண்டு நிலா வெளிச்சத்தையும் வழிச்செடுக்கும். விழித்திரைக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு. தப்பிச்சுப் போற வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பும். டார்ச் அடிச்சா ரெண்டு கண்ணும் நெருப்புத் துண்டா ஜொலிக்கிறது அதனாலதான். இன்னொரு மேட்டர்... மூக்கைப் பொத்திக்குங்க. தன்னோட சிறுநீரையே கையிலும் காலிலும் தேய்ச்சுக்கும். பிடிமானத்துக்கா, வாசனை வைக்கவா, பூச்சிக்கடிக்கு மருந்தானு ஆராய்ச்சியாளர்கள் மத்தியில பட்டிமன்றமே ஓடுது.

அந்தக் கண்ணே அதுக்கு எமனாவும் ஆச்சு. கண் வைத்தியம், வசியம், மாந்திரீகம்னு சொல்லியே பிடிச்சுக் கொன்னாங்க. படிச்சவங்களும் இதுக்குக் காசு கொடுத்திருக்காங்கங்கிறதுதான் எரிச்சல்.

2022 அக்டோபர்ல தமிழக அரசு, திண்டுக்கல், கரூர் மாவட்டங்கள்ல 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமா அறிவிச்சது. தேவாங்குக்குன்னே இந்தியாவுல வந்த முதல் சரணாலயம். சந்தோஷம்! ஆனா, எல்லைக்கல்லைப் பார்த்தா அது திரும்பிப் போகப்போகுது? வரப்பு மரம், வேலிப் புதர்னு காட்டுக்கு வெளியேயும் அது வாழுது. தாவ வராதே... கிளையைக் கிளை தொட்டாத்தான் அதுக்கு ரோடு. நடுவுல நாலு மரத்தை வெட்டிட்டா தரையில இறங்கியாகணும். கீழே நாய் நிக்குது, லாரி வருது.

இன்னொண்ணு, பாஸ். குட்டி பிறந்ததும் கொஞ்ச நாள் அம்மா வயித்தோட சுமக்கும். அப்புறம் ராத்திரியில ஒரு கிளையில 'பார்க்' பண்ணிட்டு இரை தேடப் போயிடும். டிரெக்கிங், கேம்ப்னு அந்தப் பக்கம் போறப்ப, தனியா தொத்திட்டிருக்கிற குட்டியைப் பார்த்துட்டு 'ஐயோ, அநாதை!'னு ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டு வந்துடாதீங்க. மூஞ்சிக்கு நேரா ஃபிளாஷும் அடிக்காதீங்க. அடிபட்டுக் கிடந்தா மட்டும் வனத்துறைக்கு ஒரு போன் போடுங்க. மத்தபடி விட்டுட்டு நகர்ந்துடுங்க. விடியறதுக்குள்ள அம்மா வந்துடும்.