வசந்தகால வண்ணங்களும் "உங்க கலருக்கு எடுக்காது" என்ற பொய்யும்

பிப்ரவரி பிறந்தால் போதும், துணி விளம்பரங்களில் 'ஸ்பிரிங் கலெக்‌ஷன்' வந்துவிடுகிறது. இளம் ரோஸ், புதினாப் பச்சை, வெளிர் ஊதா என்று பால் ஊற்றிக் கலக்கியது போல நிறங்கள். மேலே மெல்லிசாக ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டூலிப் பூக்களுக்கு நடுவில் ஒரு பெண் நின்று சிரிப்பாள். சென்னையில் ஸ்வெட்டர்! யாரும் சிரிக்கக் கூட மாட்டேன் என்கிறார்கள் மக்களே.

நம் கணக்குப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். மே 4 வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை வாட்டுகிற கத்திரி வெயில் முழுசாக அதற்குள்தான் வருகிறது. ஆக, நம் வசந்தகாலத்தில் பூப்பதை விட வேர்ப்பதுதான் அதிகம். ஐரோப்பாவில் பனி உருகியதும் போடுகிற உடுப்பை இங்கே தலையில் கட்டுவானேன்?

நான் படிப்பது பி.காம். என் கண்ணுக்கு இது பருவமாகவே தெரியவில்லை, சரக்கு இருப்பாகத்தான் தெரிகிறது. அடுத்த வருட வசந்தகால உடைகளை பாரிஸிலும் மிலானிலும் முந்தைய செப்டம்பரிலேயே மேடையேற்றி விடுகிறார்கள். பான்டோன் நிறுவனம் 2000-லிருந்து வருடத்துக்கு ஒரு நிறத்தை 'இந்த ஆண்டின் நிறம்' என்று அறிவித்து வருகிறது. 2024-க்கு பீச் பழ நிறம், 2025-க்கு காபி கலந்த பழுப்பு. போன வருடம் வாங்கிய சட்டை கிழியாது. ஆனால் 'பழசு' என்று தோன்றியாக வேண்டும். தோன்றினால்தான் புதுச் சரக்கு நகரும். தோன்றாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, ஐம்பது சதவீதத் தள்ளுபடி.

இதோடு போனால் பணம்தான் நஷ்டம் என்று விட்டுவிடலாம். என் சண்டை அடுத்த விஷயத்தோடு.

1980-ல் கரோல் ஜாக்சன் என்ற அமெரிக்கர் 'கலர் மீ பியூட்டிஃபுல்' என்று ஒரு புத்தகம் எழுதினார். தோல், முடி, கண் நிறத்தை வைத்து ஆட்களை வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நாலாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் இன்னின்ன நிறம்தான் என்று சொன்னது அது. கறுத்த தோலும் கறுப்பு முடியும் உள்ளவர்களில் பெரும்பாலோர் அதில் 'குளிர்காலம்' ஆகிவிட்டார்கள். குளிரே பார்க்காத ஊர்க்காரி நான் குளிர்காலமாம்! இன்ஸ்டாகிராமில் கழுத்துக்குக் கீழே கலர் கலராகத் துணி விரித்து "உங்க சீசன் என்ன?" என்கிறார்களே, அதற்கும் மூலம் இதுதான்.

நம்மூர்க் கடைகளுக்கு அந்தப் புத்தகமெல்லாம் தேவையே இல்லை. தி.நகரில் ஒரு கடையில் மாம்பழ மஞ்சளில் ஒரு குர்தாவைக் கையில் எடுத்தேன். "சிஸ்டர், அது உங்க கலருக்கு எடுக்காது. இந்தச் சந்தன கலர் பாருங்க, பளிச்னு காட்டும்" என்றார் விற்பனை செய்த அக்கா. கூட வந்த அம்மாவும் "ஆமாடி, கறுத்த பிள்ளைக்கு அந்த மஞ்சள் அடிக்கும்" என்றார். இரண்டு பேருக்கும் என் மேல் அன்பு இருந்தது. அதுதான் இதில் மோசமான பகுதி.

"எடுக்காது" என்றால் என்ன அர்த்தம்? "இந்தத் துணி உன்னைக் கொஞ்சம் வெளுப்பாகக் காட்டாது" என்று அர்த்தம். வேறு ஒன்றுமே இல்லை. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் பெயரை மட்டும் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. டியூபில் பெயர் மாறிவிட்டது, துணிக்கடையில் அளவுகோல் மாறவில்லை. வெள்ளைத் தோலுக்கு எல்லா நிறமும் திறந்திருக்கும். கறுத்த பெண்ணுக்கு மட்டும் "அடக்கமா ஏதாவது எடுத்துக்கோ". நிறத்தைக் கூட நம்மிடம் ரேஷனில் கொடுக்கிறார்கள்.

சரி, எங்கள் தெருவில் பூ விற்கிற ஆயாவைப் பாருங்கள். கிளிப்பச்சைப் புடவை, அரக்கு ரவிக்கை, நல்ல கறுத்த கை. யாராவது "எடுக்கவில்லை" என்று சொல்லிவிட முடியுமா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய காரைக்குடிக் கண்டாங்கியில் இருப்பது அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும். ராமர் பச்சை, வாடாமல்லி, மயில்கழுத்து என்று பெயர் வைத்து நெய்த ஊர் இது. அத்தனை நிறமும் இந்த வெயிலுக்கும் இந்தத் தோலுக்கும் நடுவில் பிறந்தவை.

"அப்போ ஒருத்தருக்கு ஒரு நிறம் பொருந்தாமலே போகாதா?" என்று கேட்பீர்கள். போகலாம். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது பொருந்தவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீங்கள், தோல் அல்ல.

வேறு எதை வைத்துத்தான் எடுப்பது? மூன்றே விஷயம்.

1. முதலில் துணி. பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டருக்கு அரை சதவீதம் கூட முடியாது. கத்திரியில் பஸ்ஸில் நிற்கும்போது இந்த வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள்.

2. அடுத்து தொளதொளப்பு. கறுப்பு வெயிலை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் பாலைவனத்து பெதூயின்கள் போடும் கறுப்பு அங்கியை ஆராய்ந்து 1980-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. தொளதொளவென்று காற்றோட்டமாக இருந்தால், கறுப்போ வெள்ளையோ தோலுக்குப் போய்ச் சேரும் சூடு ஒன்றுதான் என்றது. ஒட்டிப் பிடிக்கிற வெள்ளையை விட தளர்வான கருநீலம் மேல்.

3. கடைசியில்தான் நிறம். வெளிர் சாம்பலும் வெளிர் நீலமும் வேர்வைத் திட்டை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். வெள்ளையும் அடர்நிறமும் மறைக்கும். பேன்ட் மூன்றையும் கருநீலம், கறுப்பு, சந்தனம் என்று பொதுவாக வைத்துவிட்டால், மேலே ஐந்து குர்தாவும் உங்கள் இஷ்டம். ஐந்து பெருக்கல் மூன்று, பதினைந்து ஜோடி. கல்லூரிக்கு மூன்று வாரம் ஓடிவிடும். எந்தத் தள்ளுபடிக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

இதில் எந்த இடத்திலாவது "நீ என்ன கலர்?" என்ற கேள்வி வந்ததா? வராது. தேவையில்லாத கேள்வி அது.

அடுத்த முறை யாராவது "உங்க கலருக்கு எடுக்காது" என்றால் கோபப்படாதீர்கள். "என்னை வெளுப்பாக் காட்டணும்னு நான் கேட்கவே இல்லையேக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு பில் போடச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன், அதே மாம்பழ மஞ்சளை.