படம் எடுப்போம், மேலே ஏறாமல்



டிசம்பர் விடுமுறை கிட்டிவிட்டது. ஊரில் வான் பேசத் தொடங்கிவிட்டார்கள். பொலன்னறுவை, சிகிரியா, கண்டி, நுவரெலியா என்று வழமையான பாதைதான். போய் வந்த அன்றிரவே முகநூல் முழுக்கப் படங்கள் நிறையும். போவதற்கு முன் ஒரு விடயத்தை நாம் கதைத்துக்கொள்வது நல்லது.

2019 ஜனவரியை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒலுவிலில் இருக்கும் நமது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த எட்டு மாணவர்கள், ஹொரவப்பொத்தானைக்கு அருகே கிரலாகல என்ற இடத்தில் பழைய தாதுகோபம் ஒன்றின் மேல் ஏறி நின்று எடுத்த படம் முகநூலில் பரவியது. கைதானார்கள். பெப்ரவரி தொடக்கத்தில் ஆளுக்கு 50,000 ரூபாய் தண்டத்துடன் விடுவிக்கப்பட்டார்கள். ஒரு நிமிடத்தில் எடுத்த படத்துக்காக, பொறியியல் படிக்கப் போன பிள்ளைகள் விளக்கமறியலில் இருந்தார்கள். அந்த நாட்களில் அவர்களின் உம்மாமார் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நாம் எல்லோரும் யோசித்தோம்.

அப்போது ஊரில் இரண்டு பேச்சு இருந்தது. ஒன்று, “நமது ஆக்கள் என்றபடியால்தான் இவ்வளவு பெரிதாக்கினார்கள்” என்பது. மற்றது, “இனி அந்தப் பக்கமே போகாமல் இருப்பதுதான் பாதுகாப்பு” என்பது. இரண்டும் நமக்கு உதவாத பேச்சு என்றே இன்று நினைக்கிறோம்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை ஊர்ப் பிள்ளைகளைப் பொலன்னறுவைக்குக் கூட்டிப் போயிருந்தோம். இடிந்த செங்கல் சுவரொன்றில் காலை வைத்த ஒரு மகனைக் கீழே இறங்கச் சொன்னபோது அவர் கேட்டார்: “சேர், அங்கால வேற ஆக்களும் ஏறி நிக்காங்கதானே, எங்களுக்கு மட்டும் ஏன்?” பார்த்தால், உண்மையில் நின்றார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரே காரியத்தை ஒருவர் செய்தால் அறியாமை, இன்னொருவர் செய்தால் சதி என்று பார்க்கும் கண் இந்த நாட்டில் இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அதை நாம் நன்றாகவே அனுபவித்தோம்.

ஆனால் அந்தக் கண் பிழை என்பதால் நமது கால் சரியாகிவிடாது. 2012இல் மூன்று பிரெஞ்சுப் பயணிகள் புத்தர் சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோலப் படம் எடுத்தார்கள். காலியில் படத்தைக் கழுவக் கொடுத்த கடையிலிருந்து பொலிசுக்குத் தகவல் போனது. அவர்களுக்கும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. சட்டமும் புதிதல்ல. தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

சட்டத்தை ஒரு பக்கம் வைப்போம். தாதுகோபம் என்பது வெறும் செங்கல் குவியல் அல்ல. புனிதமானவர்களின் தாதுக்களை உள்ளே வைத்துக் கட்டியது என்பது அவர்களின் நம்பிக்கை. நமது பள்ளிவாசலின் மிஹ்ராபுக்கு மேலே யாரோ சப்பாத்தோடு ஏறி நின்று சிரித்துப் படம் போட்டால், “பாவம், சின்னப் பிள்ளைகள்” என்று சொல்லியிருப்போமா? கொழும்பு புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடித்த ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலை, நாம் சிவப்புப் பள்ளி என்று சொல்வதை, பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து வருகிறார்கள். செருப்பைக் கழற்றுங்கள், உடம்பை மூடுங்கள் என்கிறோம். அவர்களும் கேட்கிறார்கள். நாம் எதிர்பார்க்கும் அதே மரியாதையைத்தான் மற்றவர்களும் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள். பிறர் வணங்குவதை இழிவுபடுத்தக் கூடாது என்பது நமது மார்க்கம் நமக்குச் சொன்னதும்கூட.

இரண்டாவது பேச்சு, போகாமலே இருப்போம் என்பது. இது இன்னும் கவலையானது. பொலன்னறுவை சிங்களவருக்கு மட்டும் உரிய இடமா? அங்கே இரண்டாம் சிவன் கோயில் என்று ஒரு சின்னக் கற்கோயில் இருக்கிறது. சோழர் காலத்தது, அதன் சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஒரே மைதானத்தில் கல் விகாரையும் இருக்கிறது, அந்தக் கோயிலும் இருக்கிறது. இதைப் பாடப் புத்தகத்தில் நூறு தரம் வாசிப்பதும், அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று “இதை என்னால் வாசிக்க முடியுதே” என்று ஒரு பிள்ளை சொல்வதும் ஒன்றல்ல. பயந்து பிள்ளையை வீட்டில் வைத்தால் இந்த நாடு அந்தப் பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தோடு முடிந்துவிடும்.

ஆகவே போவோம், படமும் எடுப்போம். ஆனால் கட்டடத்தைப் படம் எடுப்போம். நமது போன்களைத் திறந்து பாருங்கள். நூறு படத்தில் தொண்ணூறு நமது முகம்தான், பின்னால் கல் விகாரை மங்கலாகத் தெரியும். அங்கே புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது என்பது விதி. நம்மில் பலருக்கு அது தெரியாது. சிகிரியாவின் ஓவியங்களைப் படம் எடுக்கவே கூடாது. அறிவித்தல் பலகையை முதலில் வாசிப்பது, காவலாளியிடம் கேட்பது, எதன் மேலும் ஏறாமல் இருப்பது: இந்த மூன்றையும் வான் புறப்படுவதற்கு முன் பிள்ளைகளுக்குச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை 2019க்கு முன் யாராவது செலவழித்திருந்தால் எட்டுக் குடும்பங்கள் அழுதிருக்காது. அதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது.

இன்னொன்று. தூரத்துக் கட்டடங்களை எல்லாம் படம் எடுக்கும் நாம், பக்கத்தில் இருப்பதை எடுத்திருக்கிறோமா? 2004 டிசம்பர் 26இல் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைகளில் எத்தனை வீடுகள் போயின. பழைய வீட்டைக் காட்டு என்று பிள்ளை கேட்டால் நம்மில் பலரிடம் இருப்பது ஒரு கல்யாணப் படத்தின் பின்னால் தெரியும் பாதித் தூண் மட்டும்தான். கடல் கொண்டு போனது ஒரு பக்கம் என்றால், மீதியைப் புதுப்பிக்கிறோம் என்று நாமே உடைத்தோம். உடைப்பதற்கு முன் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

நாங்கள் சிலர் சொறிக்கல்முனைப் பக்கம் படிப்பிக்கப் போய் வருகிறவர்கள். வயலைத் தாண்டிப் போகும்போது அங்குள்ள திருச்சிலுவைத் தேவாலயத்தைத் தினமும் பார்க்கிறோம். 2019க்குப் பிறகு நெடுநாள் அதன் முன்னால் போனை எடுக்கவே எங்களுக்குக் கை கூசியது. தொப்பி போட்ட ஒருவர் தேவாலயத்தைப் படம் எடுத்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். ஒருநாள் வாசலில் நின்ற பெரியவரிடம், “ஐயா, ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேட்டோம். அவர் எங்களை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, “வெளியில நிண்டு என்னத்த எடுக்கிறது, உள்ள வாங்க சேர்” என்று கதவைத் திறந்தார். அரை மணித்தியாலம் கதை சொன்னார். எடுத்தது நாலு படம்தான். இப்போது அந்த வழியால் போகும்போதெல்லாம் அவர் கை காட்டுகிறார்.

கேட்டு எடுத்த படத்துக்கும் கேட்காமல் எடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

எனவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். திரும்பி வந்த பிறகு, நமது ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரு பழைய கட்டடத்தை, பள்ளிவாசலோ, கோயிலோ, வாப்பப்பா கட்டிய ஓட்டு வீடோ, ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். யார் கட்டியது, எப்போது என்று மூத்தவர்களிடம் கேட்டு அதன் கீழே எழுதச் சொல்லுங்கள். அதில் பிள்ளையின் முகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எல்லோரும் நல்லபடி போய், நல்லபடி வந்து சேர அல்லாஹ் துணை செய்வானாக.