மாவும் மிஷினும்

சென்னை–கூடூர் இருப்புப்பாதையில், ஆந்திர எல்லைக்குச் சற்றுத் தெற்கே உள்ள கும்மிடிப்பூண்டியில், வீட்டு வேலையின் வாரம் ஷிஃப்ட் மாறும் நாளில்தான் தொடங்குகிறது. 1971-இல் தமிழக அரசு நிறுவிய சிப்காட் அமைத்த தொழில் வளாகமும், அதைச் சுற்றிப் பிற்பாடு எழுந்த ஆலைகளும் பகலிரவாக இயங்குபவை. ஆகவே காலை 6 முதல் பிற்பகல் 2 வரை ஒன்று, 2 முதல் இரவு 10 வரை ஒன்று, 10 முதல் மறுநாள் காலை 6 வரை ஒன்று எனப் பொதுவாக மூன்றாகப் பகுக்கப்படும் வேலைநேரம், வாரந்தோறும் ஆள்மாற்றிச் சுழன்று வருகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் காலை 6 முதல் இரவு 7 வரை மட்டுமே பெண்களை ஆலையில் வேலை வாங்கலாம் என்று வரம்பு கட்டியிருந்தது. அப்பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த பின், உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் இரவு ஷிஃப்டும் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வார இதழ்களின் சமையல் பக்கங்களும் கைவேலைப் பக்கங்களும், பகல் இரண்டு மணிக்கு மேல் ஓய்ந்திருக்கும் ஓர் இல்லத்தரசியை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதப்படுகின்றன என்பதையும், அந்த இரண்டு மணிதான் இவ்வட்டாரத்தில் கம்பெனி வேன் வந்து நிற்கும் நேரம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அப்பக்கங்களுக்கும் இவ்வூர் அடுப்படிக்கும் இடையிலுள்ள தொலைவு விளங்கும்.

ஷிஃப்ட் வீட்டின் சமையல் வேளை வேளையாக நடப்பதன்று. மாவு, பொடி, புளிக்காய்ச்சல், தொக்கு என்று மொத்தமாகச் செய்து வைத்து, வாரம் முழுவதும் எடுத்தெடுத்துப் புழங்கும் ஏற்பாட்டின் மீதே அது நிற்கிறது. இவற்றுள் தலையாயது இட்லி மாவு. நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கில் தனித்தனியே ஊறவைத்து, தனித்தனியே அரைத்து, உப்பிட்டுக் கையால் கலந்து வைக்கும் மாவில், உளுந்தோடு ஒட்டி வந்த நுண்ணுயிரிகள் பெருகத் தொடங்குகின்றன. அவற்றுள் முதலில் பெருகுவதும் முக்கியமானதும் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் எனும் பாக்டீரியம். அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிட, அமிலம் புளிப்பைத் தருகிறது, வாயு மாவைப் பொங்கச் செய்கிறது. பொங்கிய வாயு வெளியேறிவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. அரைக்கும்போது உளுந்து சூடேறினால் அந்தப் பிடிப்புத் தளர்ந்துவிடும் என்பதால்தான் குளிர்ந்த நீரைச் சிறுகச் சிறுகத் தெளித்து அரைப்பார்கள். உளுந்து பதமாக அரைபட்டதா என்று பார்க்க, ஒரு துளி மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விடுவது வழக்கம்: மிதந்தால் பதம், அமிழ்ந்தால் இன்னும் சில சுற்று வேண்டும்.

கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் வெயில் பேர்பெற்றது. கோடையில் வானிலை அறிக்கையில் இம்மாவட்டத்துத் திருத்தணி அடிக்கடி இடம்பெறும். மார்கழிக் குளிரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் மாவு, சித்திரை வைகாசியில் ஆறு மணி நேரத்திலேயே பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேடையில் வழிந்து நிற்கும். ஆகவே முதல் ஷிஃப்டுக்குக் காலை நான்கு மணிக்கு எழுந்து இட்லி ஊற்ற வேண்டியவர்கள், குளிர்காலத்தில் மாலை ஐந்துக்கே மாவைக் கலந்து வைத்துவிடுவதும், கோடையில் படுக்கப் போகுமுன் அரைப்பதும், உப்பைச் சற்றுக் கூட்டிப் புளிப்பைத் தாமதப்படுத்துவதும் உண்டு. இரண்டாவது ஷிஃப்டுக்குப் போகிறவர் நண்பகலில் அரைத்து வைத்துவிட்டுப் போனால், இரவு பத்தரைக்கு மேல் திரும்பும்போது மாவு பொங்கி ஆயத்தமாக இருக்கும். அதை ஃபிரிட்ஜில் ஏற்றிவிட்டால் முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, கடைசியில் வெங்காயம் நறுக்கிப் போட்ட ஊத்தப்பம் என்று மாவின் புளிப்பை அனுசரித்தே வாரத்தின் பலகாரம் அமைந்துவிடுகிறது. நுண்ணுயிரிக்குச் சம்பளமும் இல்லை, ஓ.டி.யும் இல்லை, ஆள் ஆலையில் இருக்கும் எட்டு மணி நேரமும் வீட்டில் அதன் வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

இந்த ஏற்பாடு ஆட்டுக்கல்லின் காலத்தில் சாத்தியப்பட்டிருக்காது. கோயம்புத்தூரில் 1950-களில் உருவான மின் கிரைண்டர் நடுத்தர வீடுகளுக்கு மெல்ல வந்து சேர, ரேஷன் அட்டைதாரர் வீடுகளுக்கு அது பரவலாக வந்தது விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தால்தான். அத்திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்த இடம் திருவள்ளூரை அடுத்த காக்களூர், அதாவது இம்மாவட்டத்தின் மற்றொரு தொழிற்பேட்டை உள்ள ஊர். இலவசம் என்ற சொல்லை வைத்து அத்திட்டத்தைக் கேலி செய்தவர்கள் பலர். கையால் ஒரு படி உளுந்து ஆட்டிப் பார்த்தவர்கள் அவர்களுள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

மாவுக்கு அடுத்த இடம் குழம்புக்கு. புளியின் அமிலமும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து கெடாமல் காக்கும் என்பதால் வத்தக்குழம்பும் காரக்குழம்பும் மறுநாளைக்கும் நின்று பேசும். பழவேற்காடு ஏரியிலிருந்து வரும் மடவையும் இறாலும் பொன்னேரி வழியாக இங்குள்ள சந்தைகளுக்கு வருவதால், ஞாயிற்றுக்கிழமை வைத்த மீன் குழம்பு திங்கள் காலைப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கையாவது இப்பகுதியில் இயல்பு. மீன் வாங்க நேரமில்லாத நாளைக் கருவாடு ஈடுகட்டும். எல்லை அருகில் என்பதால் ஆரம்பாக்கம் பக்கத்து வீடுகளில் தெலுங்குச் சமையலின் கைவண்ணமும் கலந்துள்ளது: புளிச்சகீரைத் தொக்கும் ஆவக்காயும், சோற்றில் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுப் பிசைந்துகொள்ளும் பருப்புப் பொடியும், குழம்பு வைக்க முடியாத ஷிஃப்ட் நாளைச் சத்தமில்லாமல் கடத்திவிடுகின்றன.

கும்மிடிப்பூண்டியில் மூன்று பத்தாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவரும் இலங்கைத் தமிழர்களின் முகாம், இதே சிக்கலுக்கு வேறொரு விடையை வைத்திருக்கிறது. அவர்கள் சேமித்து வைப்பது ஈர மாவை அன்று, வறுத்த மாவை. இடித்துச் சலித்து வறுத்த அரிசிமாவு டப்பாவில் பல வாரம் கெடாமல் கிடக்கும்; வேண்டும்போது உப்பும் சுடுநீரும் விட்டுக் குழைத்து, விளிம்பு மெல்லிய தகரப் பேணியால் கொத்திக்கொத்திக் குறுமணியாக்கி, தேங்காய்ப்பூவுடன் ஆவியில் வைத்தால் பிட்டு. அந்த மாவே உரலில் ஏறினால் இடியப்பம். தேங்காய்ப்பாலில் பச்சை மிளகாயும் வெங்காயமும் மஞ்சளும் சேர்த்து நீர்க்கக் காய்ச்சிய சொதி அதற்குத் துணை. மாவு பொங்கக் காத்திருக்கவும் வேண்டாம், பொங்கி வழியுமோ என்று அஞ்சவும் வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இட்லி மாவைக் காட்டிலும் வறுத்த மாவே தோது என்பதை, முகாமிடமிருந்து பக்கத்துத் தெரு கற்றுக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காலை நேர நெருக்கடியில் ஒரு பகுதியை அரசும் ஏற்றுக்கொண்டுள்ளது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு நீட்டிக்கப்பட்டது 2024 ஜூலை 15-இல், இம்மாவட்டத்துக் கீழச்சேரியில். ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்குப் பள்ளியிலேயே உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைக்குமென்றால், ஆறு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பும் தாயின் அடுப்பில் ஓர் ஈடு இட்லி குறைகிறது.

தையலுக்கு இப்படியொரு வழி இல்லை. அடுப்படி வேலையில் ஊறுவதும் புளிப்பதும் வேகுவதும் ஆளில்லாமலே நடக்க, தையல் மிஷினோ மிதியிலிருந்து கால் எடுத்த நொடியில் நின்றுவிடுகிறது. சுழலும் ஷிஃப்ட் வாழ்க்கையிலும் வீட்டுச் சமையல் தாக்குப்பிடித்ததற்கும், வீட்டுக்கான தையல் ஒடுங்கிப்போனதற்கும், ருசி, நாகரிகம், ரெடிமேட் மோகம் ஆகியவற்றைவிட இந்த வேறுபாடே பெருங்காரணம் எனலாம். சேலைக்கு ஃபால்ஸ் வைப்பதையே எடுத்துக்கொள்ளலாம். ஃபால்ஸ் என்பது சேலையின் கீழ்க்கரையில், உட்புறமாக, கொசுவம் விழும் பகுதியில் வைத்துத் தைக்கப்படும் சில அங்குல அகலத் துணிப்பட்டை; சேலைக்குக் கனம் கொடுத்து நேராக விழச் செய்வதும், குதிகாலில் உரசிக் கரை கிழியாமல் காப்பதும் அதன் வேலை. வாங்கியதும் அதைத் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பின்பே தைக்க வேண்டும். இல்லையேல் முதல் துவைப்பிலேயே பட்டை சுருங்கி, அதோடு சேர்ந்து சேலைக்கரையும் சுருக்கம் விழுந்து நிற்கும். கீழ்விளிம்பை மிஷினில் ஓட்டிவிடலாம் என்றாலும், மேல்விளிம்பைச் சேலையின் ஓரிரு இழைகளை மட்டுமே ஊசிமுனையில் கோத்தெடுத்துக் கையால் தைத்தால்தான் முகப்பில் தையல் தெரியாது. கைதேர்ந்தவருக்கும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத வேலை அது. பாதியில் விட்டால், குத்தி வைத்த குண்டூசிகளோடு சேலை ஒரு வாரம் கொடியில் தொங்கும்.

ஆகவே வேலைக்குப் போகும் பெண் ஃபால்ஸையும் பீகோவையும் தெருமுனைத் தையல்காரப் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறார். பீகோ என்பது முந்தானை ஓரம் பிரியாதிருக்க நெருக்கமாக வளைத்து ஓட்டும் மிஷின் தையல். அந்தத் தையல்காரப் பெண்ணோ பெரும்பாலும் ஆலை வேலைக்குப் போக முடியாதவர்: கைக்குழந்தை உள்ளவர், கணவனை இழந்தவர், உடல் இயலாதவர். தமிழக அமைச்சராகவும் 1979-இல் ஒன்றிய அமைச்சராகவும் இருந்த சத்தியவாணி முத்துவின் பெயரில் சமூக நலத்துறை நடத்தும் இலவசத் தையல் இயந்திரத் திட்டம், 20 முதல் 40 வயது வரையுள்ள இத்தகைய பெண்களுக்கானதே. வீட்டில் மிஷின் இருந்தும் தன் பிள்ளையின் கிழிந்த டவுசர் மட்டும் நாள்கணக்கில் தைபடாமல் கிடப்பது இத்தொழிலின் இயல்பு. கூலித் துணி முந்திக்கொள்கிறது.

கூலித் துணியிலும் பெரியது பள்ளிச் சீருடை. சத்துணவு உண்ணும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு நான்கு இணை சீருடை வழங்கும் தமிழக அரசு, அதைத் தைக்கும் பணியைச் சமூக நலத்துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கங்களுக்குத் தருகிறது. துணி சங்கத்தில் வெட்டப்பட்டுக் கட்டுக்கட்டாக உறுப்பினர் வீடுகளுக்குப் போய், உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைக்கப்பட்டு, காஜாவும் பட்டனும் முடிந்து சங்கத்துக்கே திரும்புகிறது. துணி ஒருவருடையது, கை மற்றொருவருடையது என்ற இவ்வேற்பாடு இக்கடற்கரைக்குப் புதிதன்று. டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு, வணிகர்கள் வழியாக நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கித் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பினார்கள். மலாய் மக்கள் கட்டும் கட்டம்போட்ட கைலி ஒன்று இன்றும் பழவேற்காட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. அன்று தறி வீட்டில் இருந்தது, இன்று மிஷின் வீட்டில் இருக்கிறது. தறி மறைந்துவிடவும் இல்லை. மாவட்டத்தின் மேற்கே பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் அது இன்னும் ஓடுகிறது.

இந்த உழைப்பையெல்லாம் நாடு தழுவிய அளவில் கணக்கில் கொண்டுவரும் முயற்சி இந்தியாவில் அண்மையில்தான் தொடங்கியது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024-ஆம் ஆண்டு ஆய்வில் அது முறையே 289, 88 ஆயிற்று. பெண்களுக்குக் குறைந்த பத்து நிமிடத்தைக் கண்டு மகிழ்வதற்குள், ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டது கண்ணில் படுகிறது. இவ்வகை ஆய்வுகள் பின்பற்றும் பன்னாட்டு வகைப்பாடு ஒருவரின் நாளை ஒன்பது பெரும்பிரிவுகளாகப் பகுக்கிறது. அதன்படி ஒரு பெண் மிஷினில் உட்கார்ந்து சங்கத்துச் சீருடையைத் தைத்தால் அது வேலைவாய்ப்பு. அதே மிஷினில் தன் மகளுக்குப் புதுப் பாவாடை தைத்தால் சொந்தப் பயன்பாட்டுக்கான பொருளுற்பத்தி. கிழிந்த டவுசருக்கு ஒட்டுப் போட்டால் சம்பளமில்லா வீட்டு வேலை. மூன்றும் ஒரே மாலையில் நடக்கலாம். இடையிடையே எழுந்துபோய் மாவு பொங்கிவிட்டதா என்று அவர் பார்த்துவரும் அரை நிமிடங்கள் எந்தப் பிரிவிலும் ஏறுவதில்லை.